கரையைப் படித்தவள்

செவ்வந்திக்கு ஏரிக்கரையைப் பார்த்துப் பயம் வந்தது, அது எப்படி நிற்கிறது என்று புரிந்த பிறகுதான். அதுவரைக்கும் அது வெறும் கரை. சாலவாக்கம் போகிற டவுன் பஸ் கூவந்தாங்கலில் நின்றால், இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். அந்தப் பக்கம் ஏரி. இந்தப் பக்கம் பள்ளத்தில் காலனி. காலனியில் எந்த வாசலில் நின்று நிமிர்ந்தாலும் பாதி வானத்தைக் கரை மறைத்துக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிவிட்டால், தண்ணீர் காலனிக் கூரைகளைவிட உயரத்தில் நிற்கும். அதை யாரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

செவ்வந்தியின் அம்மா தேவகி நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் மகளைப் படிக்க வைத்தவள். அப்பா இல்லை. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த பெண், காஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ சேர்ந்தாள். முதல் நாளே எல்லாம் இங்கிலீஷ். வாத்தியார் பேசுவது காதில் விழும், உள்ளே இறங்காது. அவளுக்குத் தெரிந்த ஒரே வழி மனப்பாடம். பக்கம் பக்கமாக, கமா, முற்றுப்புள்ளியோடு உருப்போட்டாள். மண் அணை என்ற பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். படத்தையும் அப்படியே வரைவாள். மார்க் வந்தது. வகுப்பில் மூன்றாம் இடம்.

கடைசி வருட வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவளுடைய படத்தையே அவள் முன் திருப்பி வைத்தார். சரிவான கோடுகள், நடுவில் புள்ளிக்கோடு, சுத்தமான எழுத்து.

"படம் நல்லா இருக்கும்மா. இதுல தண்ணி எந்தப் பக்கம் நிக்குது?" என்று தமிழிலேயே கேட்டார்.

செவ்வந்தி படத்தைப் பார்த்தாள். ஏரிக்குக் கீழே பிறந்து வளர்ந்தவள். தான் வரைந்த படத்தில் தண்ணீர் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காதுக்குள் ஒரு இரைச்சல். அவர் காத்திருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். பாஸ் போட்டுவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கே வேலைக்குப் போய் யார் எதைக் கேட்டாலும் அதே இரைச்சல் வந்தது. ஒரகடத்தில் ஒரு கட்டட வேலையில் ஒரு வாரம் இருந்தாள். வரைபடத்தைக் கையில் கொடுத்து, இந்தத் தூண் எங்கே வருகிறது, காட்டு என்றார்கள். காட்ட முடியவில்லை. திரும்பி வந்தவள், ஊரிலேயே நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளராகச் சேர்ந்தாள். வந்தவர்களைக் குறித்துக்கொள்வது, வெட்டிய பள்ளத்தை டேப் வைத்து அளப்பது. அதற்கு டிப்ளமோ தேவையில்லை. தேவகி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே செவ்வந்திக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மனதிலிருந்த அந்த அடைப்பு விலகியது ஒரு சாதாரண நாளில். கரையின் தெற்குக் கோடியில் யாரோ வீட்டு மனையை மேடாக்க ஜேசிபி வைத்துக் கரையையே ஒரு ஓரம் வெட்டி மண் எடுத்துப் போயிருந்தார்கள். அதை மூடுவதற்காக நூறு நாள் ஆட்களோடு போனாள். வெட்டிய இடத்துக்கு நேர் எதிரே போய் நின்றவள், நின்றபடியே நின்றுவிட்டாள்.

மேலே காய்ந்த செம்மண். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் சரிவு. ஏரிப் பக்கத்து ஈரம் மேலே தொடங்கி, உள்ளே வரவரத் தாழ்ந்து, ஒரு கோடாக இறங்கியிருந்தது. அது அவள் நூறு தடவை வரைந்த புள்ளிக்கோடு. வாழைத்தண்டைக் குறுக்கே அரிந்து பார்ப்பதுபோல், கரையை அரிந்து பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் அந்தப் படம். அவ்வளவுதான். இத்தனை வருடம் அவளுக்கு இதை யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"இன்னாடி, அப்பிடியே நின்னுக்கினு கீற?" என்றாள் மண்வெட்டியோடு நின்ற தேவகி.

"யம்மா, தண்ணி இந்தப் பக்கம் நிக்குது" என்றாள் செவ்வந்தி. சிரித்தாளா அழுதாளா என்று தேவகிக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து பழைய புத்தகத்தை மறுபடி எடுத்தாள். இந்த முறை உருப்போடவில்லை. ஒவ்வொரு பத்தியையும் படித்துவிட்டு, இது ஊரில் எங்கே இருக்கிறது என்று தேடினாள். கிடைக்காவிட்டால் அந்தப் பத்தியைத் தாண்ட மாட்டாள். வீட்டுக்குப் பின்னால் துணி அலசுகிற அகலமான பிளாஸ்டிக் டப்பில், நடுவே மண்ணைத் தட்டி ஒரு சின்னக் கரை கட்டினாள். ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றுவாள். மறுபக்கம் டப்பின் அடியில் ஓட்டை. பிறகு குந்தி உட்கார்ந்து பார்ப்பாள். படித்ததை இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு கண்டிப்பு வைத்துக்கொண்டாள். தேவகி அரிசி களைந்தபடி கேட்பாள். புரியாத இடத்தில், "ஏன் அப்பிடி?" என்பாள். அந்த "ஏன்"னுக்குப் பதில் வராவிட்டால், செவ்வந்தி மறுபடி டப்புக்குப் போவாள். கேட்பது அம்மாவாக இருந்ததால் காதில் இரைச்சல் வரவில்லை.

டப்பில் கட்டிய கரைகள் உடைந்தன. எல்லாமே உடைந்தன. ஆனால் அவள் நினைத்தபடி, தண்ணீர் மேலே ஏறி வழிந்து உடைந்தவை கொஞ்சம்தான். பெரும்பாலும் கரை அசையாமல் நல்லபடியாக நிற்கும். அடிவாரத்தில் மட்டும் ஒரு இடம் வியர்க்கும். பிறகு அங்கே ஒரு கண் திறக்கும். வருகிற தண்ணீர் தெளிவாக இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. அது கலங்க ஆரம்பித்தால், கரை தன்னையே உள்ளிருந்து தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மேலே பார்த்தால் ஒரு கீறல் இருக்காது. திடீரென்று நடுவில் உட்கார்ந்துவிடும்.

களிமண்ணை அப்பி அந்தக் கண்ணை அடைத்துப் பார்த்தாள். அடைத்த இடம் நின்றது. பக்கத்தில் பிய்த்துக்கொண்டு போனது. மணலும் அதன்மேல் ஜல்லியும் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது, மண் நின்றுவிட்டது. புத்தகத்தில் அரைப் பக்கம் வந்த விஷயம். அதை உருப்போட்டிருக்கிறாள். இப்போதுதான் கண்ணால் பார்க்கிறாள்.

ஆனால் இதெல்லாம் புரிந்த பிறகு அவளால் நிம்மதியாகக் கரைமேல் நடக்க முடியவில்லை. முன்பு புல்லாகத் தெரிந்தது இப்போது வேறாகத் தெரிந்தது. சீமைக் கருவேல வேர் கரைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும், நண்டு வளை எதுவரை போகும் என்று கணக்கிட்டாள். மாசி மாதம், மற்ற இடமெல்லாம் புல் காய்ந்து கிடக்க, மதகுக்குத் தெற்கே அடிவாரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. ஆடுகள் அங்கேதான் மேய்ந்தன. செவ்வந்தி அதில் காலை வைத்தாள். செருப்பு அமிழ்ந்தது. அந்த இடத்திலிருந்து நேர்கோடு இழுத்தால் காலனியின் முதல் வரிசை.

கிராம சபையில் எழுந்து சொல்லப் பார்த்தாள். பாதியில் குரல் போய்விட்டது. எழுதிக் கொடுத்தாள். அதைப் படித்துவிட்டு அரவிந்தன் என்ற இளம் பொறியாளர் பைக்கில் வந்தார். அந்தப் பகுதி ஏரிகளைப் பார்த்துக்கொள்கிறவர், பதவிக்குப் புதியவர். பச்சைப் புல்லின்மேல் நின்று காலால் அழுத்திப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா மழைக்கு முன்னாடி இதைச் சரி பண்ண அனுமதி வாங்கிட முடியும்னு எனக்குத் தோணலை" என்றார். "மழை ஆரம்பிச்சா தினமும் வந்து பாருங்க. எது மாறினாலும் எனக்குப் போன் பண்ணுங்க."

அந்த வருடம் ஐப்பசி பிறந்ததுமே வானம் இறங்கிவிட்டது. வெளுத்து வாங்குகிற மழை இல்லை, விடாத மழை. ஏரி தினம் ஒரு சாண் ஏறியது. வடக்குக் கோடியில் உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல்மீது, சின்னராசுவும் மற்ற நிலக்காரர்களும் மணல் மூட்டைகளை அடுக்கி உயர்த்தினார்கள். சின்னராசு ஊரில் பெரிய விவசாயி. ஏரிப் பாசனத்தில் அவர் பேச்சுக்கு எடை உண்டு. முந்தின வருடம் கதிர் வருகிற சமயத்தில் தண்ணீர் இல்லாமல் கடைமடை காய்ந்துபோனது. அதை யாரும் மறந்திருக்கவில்லை.

"மூட்டைய எடுத்துடுங்கய்யா. கரை தாங்காது" என்று செவ்வந்தி அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னாள்.

"எங்க தாத்தன் காலத்துலேர்ந்து நிக்கிற கரைம்மா அது. நீ பார்த்துக்கினு கீற நாலு வருஷத்துலயா போய்டப் போவுது?" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பச்சைப் புல் இருந்த இடத்தில் இப்போது ஒரு கண் திறந்திருந்தது. சுண்டுவிரல் பருமன். தண்ணீர் தெளிவாக வந்தது. செவ்வந்தி காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போய்ப் பார்த்தாள். தெளிவு. தெளிவு. காலனிக் குழந்தைகள் அதில் கால் கழுவினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அது டீ நிறத்தில் வந்தது.

முதலில் பார்த்தது கிருஷ்ணசாமி. முதல் வரிசையில் குடியிருப்பவர். ஒரு கறவை மாடு வைத்திருந்தார். அவர் கூப்பிட்டுச் செவ்வந்தி ஓடி வருவதற்குள் ஊர் ஆட்கள் சிலர் அங்கே நின்றிருந்தார்கள். கண் இப்போது கை நுழைகிற அளவு. அதைச் சுற்றி மண் சின்ன எறும்புப் புற்றுபோலக் குவிந்திருந்தது. அவள் அரவிந்தனுக்குப் போன் போட்டாள்.

"நான் வழியிலதான் இருக்கேன். தரைப்பாலத்துல இடுப்பளவு தண்ணி. தாண்ட முடியலை" என்றார் அவர். "பதட்டப்படாம சொல்லுங்க. வர்ற தண்ணி தெளிவா, கலங்கலா?"

கேள்வி. காதில் அந்த இரைச்சல் வந்துவிட்டது. புத்தகத்தின் வரிகள் இங்கிலீஷில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின, ஒன்றும் பிடிபடவில்லை. சுற்றி நின்றவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள்.

அவள் குனிந்தாள். அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளினாள். விரலிடுக்கில் அது வடிந்து போனதும், கைரேகைகளில் சாம்பல் நிறக் களி படிந்திருந்தது. வெட்டிய கரையின் நடுவில் அவள் பார்த்த அதே களி.

"மண்ணு வருது சார்" என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "மேல் மண்ணு இல்ல. உள்ள கீற களி. கரை நடுவுல கரைஞ்சுக்கினு கீது."

அரவிந்தன் உடனே சொன்னார்: "கீழே இருக்கிற ஜனங்களை முதல்ல காலி பண்ணுங்க. யாரையும் அதை அடைக்க விடாதீங்க."

"தெரியும் சார். நான் அடைச்சுப் பார்த்திருக்கேன்."

"எங்க?"

"வூட்ல. டப்புல."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப உங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியும்" என்றார். "செய்யுங்க. நான் சுத்தி வர்றேன்."

அதற்குள் சின்னராசு வந்து சேர்ந்திருந்தார். ஆட்கள் களிமண் மூட்டைகளைக் கண்ணின்மீது போட்டு மிதிக்க ஆரம்பித்தார்கள். கசிவு நின்றது. "தோ, நின்னுட்ச்சி பாரு" என்று ஒருவன் கத்தினான்.

"எடுங்க அத!" என்று செவ்வந்தி கத்தினாள். "அடைச்சா வேற எடத்துல பிச்சுக்கும்யா!"

"நீ ஒதுங்கும்மா. ஆம்பளைங்க பார்த்துக்கினு கீறோம்" என்றான் அவன்.

சொல்லி வாய் மூடவில்லை. நாலு அடி தள்ளி, யாரும் நிற்காத இடத்தில், தரை ஒரு தடவை கொப்பளித்தது. இன்னொரு தடவை. பிறகு டீ நிறத் தண்ணீர் அங்கே பொங்கி வந்தது. மிதித்துக்கொண்டிருந்தவர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். சின்னராசு அந்தக் கொப்பளிப்பைப் பார்த்தார். அப்புறம் செவ்வந்தியைப் பார்த்தார்.

"இப்ப இன்னா செய்யணும், சொல்லு" என்றார்.

"கலங்கல் மேல கீற மூட்டைய பூரா எடுக்கணும்யா. தண்ணி எறங்கும். அந்த மணல் மூட்டைய இங்க கொணாந்து, இதச் சுத்திக் கெணறு மாதிரி அடுக்கணும். உள்ள மணலு, அதுக்கு மேல ஜல்லி. தண்ணி வரட்டும். மண்ணு வரக் கூடாது."

சின்னராசு தன் டிராக்டரில் தானே ஏறி உட்கார்ந்தார். கடைமடை காயும் என்று தெரிந்தே, தான் அடுக்கிய மூட்டைகளைத் தன் கையால் எடுத்தார். தேவகி வீடு வீடாகப் போனாள். கெஞ்சவில்லை, விளக்கவில்லை, "எம்பொண்ணு சொல்றா, கெளம்பு" என்று மட்டும் சொன்னாள். குழந்தைகளும் நோயாளிகளும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். சமையல் சாமான்கள், டிவி, ஆடுகள். கிருஷ்ணசாமி தன் மாட்டைக் கட்டிய இடத்திலேயே விட்டுவிட்டு, மூட்டை தூக்க வந்தார். அன்று அவரைவிட அதிகம் தூக்கியவர் கிடையாது.

மதியத்துக்குள் களிமண் மூட்டைகளை எடுத்துவிட்டு, இரண்டு கண்களையும் சுற்றி மணல் மூட்டை வளையம் எழுப்பினார்கள். ஊரில் ரோடு போடக் குவித்திருந்த ஜல்லி வந்தது. செவ்வந்தி முழங்காலளவு சேற்றில் நின்று, எது முதலில், எது பிறகு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் போகவில்லை. மணலுக்குள்ளிருந்து வந்த தண்ணீர் மெல்ல மெல்ல வெளுத்தது. டீ, பிறகு மோர், பிறகு தண்ணீர். அவள் அள்ளிப் பார்த்தாள். கையில் ஒன்றும் தங்கவில்லை.

ஜனங்களுக்கு உயிர் வந்தது. யாரோ டீ கொண்டுவந்தார்கள். பேச்சும் சிரிப்பும் கிளம்பின. சின்னராசு அவள் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. டப்பில் கட்டிய கரைகள் அவள் கண்முன் நின்றன. ஒரு இடம் சரியானதும், அவள் பார்க்காத இன்னொரு இடம் போயிருக்கிறது.

"யாரும் வூட்டுக்குப் போவாதீங்க" என்றாள். "ராத்திரி பூரா தண்ணி எறங்கணும். நாளைக்குப் பார்க்கலாம்." பிறகு கரையோரமாக வடக்கே நடந்தாள். மதகைத் தாண்டி, கருவேல மரங்கள் அடர்ந்த பக்கம். அங்கே புதருக்குள் கால் வைக்க முடியவில்லை. வெளிச்சமும் குறைந்துகொண்டு வந்தது.

கிருஷ்ணசாமி எப்போது கீழே இறங்கினார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. "மாடு கத்துது, அவுத்து உட்டுட்டு வந்துடறேன்" என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். வளையம் நன்றாக நிற்கிறதே என்று அந்த ஆளும் தடுக்கவில்லை.

செவ்வந்திக்கு முதலில் தெரிந்தது ஒரு சத்தம் நின்றதுதான். மதகின் வடக்கே தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அவை ஒரேயடியாக நின்றன. பிறகு கருவேல மரங்களில் ஒன்று, காற்றே இல்லாமல், மெதுவாகத் தலை சாய்ந்தது. கரை நடுவில் உட்கார்ந்தது. டப்பில் பார்த்தது அப்படியே, ஆனால் வானத்தளவு.

அவள் கத்தினாள். மேட்டை நோக்கி ஓடினாள். பின்னால் வந்த தண்ணீரின் சத்தம், லாரிகள் வரிசையாக ஓடுவதுபோல் இருந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். காலனியின் முதல் இரண்டு வரிசைகள் இருந்த இடத்தில் பழுப்பு நிறத் தண்ணீர் சுழன்றது. தேவகியின் வீடும் அதில் போனது. தலைகளை எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது. மாடு மறுநாள் காலை உயிரோடு, வயல் வரப்பில் நின்றிருந்தது. கிருஷ்ணசாமி அதற்கும் தள்ளி, வாழைத்தோப்பில் பிணமாகக் கிடைத்தார்.

அன்று காலையிலேயே கலங்கலைத் திறக்காமல் இருந்திருந்தால், ஏரி முழுக் கொள்ளளவோடு வந்திருந்தால், பள்ளிக்கூடத்துப் படியையும் தாண்டியிருக்கும் என்று, சுற்றுவழியில் ராத்திரி வந்து சேர்ந்த அரவிந்தன் பிறகு சொன்னார். காலனியில் பலர் செவ்வந்தியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சிலர், ஒரு இடத்தில் அடைத்ததால்தான் இன்னொரு இடத்தில் உடைந்தது என்றார்கள். அடைக்கவில்லை, வடிய விட்டோம் என்று அவள் யாருக்கும் விளக்கப் போகவில்லை. கிருஷ்ணசாமியின் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லாமல் அவள் முகத்தையே பார்த்தாள். செவ்வந்திக்கு இன்றைக்கும் பதில் தெரியாத கேள்வி அந்தப் பார்வைதான்.

அவள் அந்தக் கருவேலப் பக்கத்தை ஏன் முன்பே பார்க்கவில்லை என்று தேவகி ஒருநாள் கேட்டாள். குத்திக்காட்டும் குரலில் இல்லை, "ஏன் அப்பிடி?" என்று எப்போதும் கேட்கிற குரலில்.

"பச்சப் புல்லு கண்ணுக்குத் தெரிஞ்சுது. அதையே பார்த்துக்கினு இருந்தேன்" என்றாள் செவ்வந்தி. கோடையில் டப்பில் மறுபடி கரை கட்டினாள். இந்த முறை மண்ணுக்குள் காய்ந்த வேர்களைப் புதைத்துக் கட்டினாள். வேர் அழுகிய வழியில் தண்ணீர் எவ்வளவு சத்தமில்லாமல் போகிறது என்று பார்த்தாள்.

கரையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். முதல் இரண்டு வரிசை வீடுகள் மேட்டுக்கு மாறின. அரவிந்தன் பேசி, மழைக்கு முன்னால் சுற்றுவட்டார ஏரிக்கரைகளைப் பார்த்துச் சொல்கிற வேலையில் அவளைச் சேர்த்தார். இப்போது கூட்டத்தில் எழுந்து பேசுகிறாள். காதில் இரைச்சல் சில நாள் வருகிறது. வந்தால் குனிந்து கொஞ்சம் மண்ணை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வாள், பேச்சு வரும்.

புரட்டாசி முடிகிற சமயம் ஸ்கூட்டியில், கரையைக் குத்திப் பார்க்க ஒரு கம்பியும் அளக்க டேப்பும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். ஊர்களில் அவளை மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் அவள் வந்து இறங்கியதும் பேச்சு குறைகிறது. கரைமேல் அவள் எங்கே நிற்கிறாள், எங்கே குனிகிறாள் என்று கண்கள் பின்தொடர்கின்றன. இந்த வருடம் ஒரு ஊரில், கரைக்குக் கீழே குடியிருக்கும் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு அவள் பின்னாலேயே கோடி வரை நடந்து வந்தாள். செவ்வந்தி ஸ்கூட்டியை எடுக்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"எங்க கரை நல்லாத்தான கீது, அக்கா?"

மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. செவ்வந்தி ஒருமுறை திரும்பிக் கரையைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நல்லா கீதும்மா" என்றாள்.